பதினாறு பன்

காலையில் ஒழுங்காக எழும்.
அஸ்தம்பட்டியில் ஐந்து மணிக்கு, கண்ணாடியெல்லாம் ஈரமாக,
சாவியை முழுசாகத் திருப்பும் முன்பே பேச்செடுத்துவிடும்.
கோளாறெல்லாம் மலைமேல்தான்.

பின்சீட்டைக் கழற்றிப் போட்ட கார்.
பதினெட்டு அலுமினியத் தட்டு, தட்டுக்குப் பதினாறு பன்,
ஏற்காட்டில் ஒரு ஹாஸ்டல், வழியில் இரண்டு டீக்கடை.
இரண்டாம் கியரில் உறுமி உறுமி ஏறி
பதிமூன்றாவது வளைவில்
தட்டிறக்க அணைத்தேன்.
ஏழு நிமிஷம்.
வந்து சாவியைத் திருப்பினால்
டக்.
மறுபடியும்
டக்.
கடன் கேட்டால் சிலர் நாக்கைத் தட்டி
இல்லை என்பார்களே, அந்தச் சத்தம்.

குரங்குகளுக்கு யார் தகவல் சொல்கிறார்களோ.
அரைமணி நேரம் நான் குச்சியோடு நின்றேன்,
அவை கூரையில் உட்கார்ந்திருந்தன,
இரு தரப்புக்கும் அவசரமில்லாதது போல.
பிறகு கார் தானாக மனமிரங்கி எழுந்தது.

பேட்டரி என்றார்கள். மாற்றினேன்.
வயர் என்றார்கள். மாற்றினேன்.
எலுமிச்சை என்றார்கள். நான்கு சக்கரத்துக்கும் வைத்து ஏற்றினேன்.
கடைசியில் அணைக்காமலே விட்டுப் பழகினேன்.
இறக்கும்போதும் ஓட்டம், எண்ணிக் கொடுக்கும்போதும் ஓட்டம்,
பன்னில் புகை வாசம் என்று புகார்.
மூன்று மாதம்
மலைமேல் ஒருநாளும்
அதை நான் மௌனமாக இருக்க விடவில்லை.

கோரிமேட்டில் சித்தேஸ்வரன், காருக்கடியில் படுத்தபடியே:
"லூர்தக்கா, சூடு எப்ப அதிகம்? ஓடும்போதா, நின்ன பிறகா?"
ஓடும்போதுதான் என்றேன்.
"அதான் இல்ல. ஓடறப்ப காத்து இருக்கு, ஃபேன் இருக்கு, தண்ணி சுத்துது.
அணைச்சா எல்லாம் நின்னுடும், சூடு நிக்காது.
போக வழியில்லாம பக்கத்துல இருக்கறவன் மேல ஏறும்."

பக்கத்தில் இருந்தது ஸ்டார்ட்டர்.
புகைக்குழாய்க்கு நான்கு விரல் தள்ளி,
பெயின்ட் உரிந்து,
வயரின் தோல் வடகமாய்ப் பொரிந்து.
செம்புச்சுருள் கொதித்துக் கிடந்தால்
கரண்டுக்கு ஒதுங்கி வழிவிடாதாம்,
ஆறினால்தான் விடுமாம்.
நானும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்து,
பில் ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை.
செவ்வாய்ப்பேட்டையில் தகடு விற்கும் கடையெல்லாம் பூட்டு.
அவன் கண் காருக்குள் போனது.
"ஒரு தட்டு குடுங்கக்கா."

நான்கு வருஷமாய் எங்கள் அடுப்புக்குள்
தினம் மூன்று தடவை போய்வந்த தட்டு.
வெள்ளைக்கல் சுரங்கத்துக் கல்லில் செய்த செங்கல் அடுக்கிய அடுப்பு.
விளிம்பில் கருகிய சர்க்கரை, சுரண்டினாலும் போகாது.
அதைக் கத்தரித்தான், மடித்தான்,
முழங்காலில் வைத்து வளைத்தான்,
குழாய்க்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் நிறுத்தினான்.
எதிலும் ஒட்டவிடவில்லை.
ஒரு விரல் நுழைய இடம் விட்டு போல்ட்டை முடுக்கினான்.
"தகடு பாதி வேலதான் பாக்கும். மீதிய இந்தச் சந்து பாத்துக்கும்."
பொரிந்த வயரை வெட்டியெறிந்து
கொஞ்சம் தடித்ததைப் போட்டு, உறை மாட்டி, எழுந்து
கையை என் பன் தாளில் துடைத்தான்.

மறுநாள், பதிமூன்றாவது வளைவு.
அணைத்தேன்.

அணைத்த பிறகுதான் கேட்டது:
காபித் தோட்டத்தில் யாரோ வாளியைக் கவிழ்ப்பது,
கீழே சேலத்தில் ஏதோ மில்லின் சங்கு,
பானெட்டுக்குள் இரும்பு ஆறும்
டிக். டிக்.
ஒரு குரங்கு வந்து பானெட்டில் உட்கார்ந்து
சுட்டதும் துள்ளி ஓடியது.
ஏழு நிமிஷம் இல்லை, பதினொன்று நின்றேன்.
பிறகு சாவியைத் தொட்டேன்.
என் வயிறுதான் முதலில் ஸ்டார்ட் ஆனது.
அடுத்தது கார்.

ஹாஸ்டலில் பிரகாசம் சார், கணக்கு நோட்டோடு,
எண்ணி, திரும்ப எண்ணி:
"பதினாறு குறையுதே?"
"ஒரு தட்டு எஞ்சினுக்குள்ள இருக்கு சார்."
என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.
பேனாவை உதறி எழுதினார்,

எஞ்சின் - 16.